அந்த வீட்டின் பின்பக்கம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வரி கோணும், எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்பதும் மாறிப்போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வீட்டின் பின்பக்கத்தில் நான் பார்த்தது மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

என் வீட்டுக்காரர் நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட். கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ்தான். கூரை ஒழுகினால் ஆபீசில் எழுதிக் கொடுப்போம், ஆள் வந்து அடைத்துவிட்டுப் போவான். ஒரு சுவரை எப்படி எழுப்புகிறார்கள் என்று நாங்கள் நின்று பார்த்ததே கிடையாது. ரிட்டயர் ஆகிக் காலி பண்ணுகிற நாள் நெருங்கிய பிறகுதான், மந்தாரக்குப்பத்தைத் தாண்டி வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்ட நம்பிக்கையான ஆளைத் தேடத் தொடங்கினோம். கடைசியாக வருகிற பணம் ஒரு தடவைதான் வரும். அதில் கட்டுகிற வீடு சரியாக அமையாவிட்டால் சாகிற வரைக்கும் எங்களுக்கு வேறு வீடு இல்லை.

ஷிப்டில் இவரோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொருவரைச் சொன்னார்கள். இவர் யாரையும் நம்பவில்லை. ஒருத்தர் ரொம்பப் பேசுகிறார், ஒருத்தர் பேசவே மாட்டேன் என்கிறார் என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அந்த மேஸ்திரி வந்தார். எங்கள் ஊருக்கு ரெண்டு ஊர் தள்ளி அவருக்கு. உள்ளே வரும்போதே இவரை அண்ணாச்சி என்றார், என்னை மதினி என்றார். இத்தனை வருஷத்தில் இந்த டவுன்ஷிப்பில் என்னை மதினி என்று கூப்பிட்டவர்கள் குறைவு. இவர் அங்கேயே பாதி விழுந்துவிட்டார். நானும்தான்.

தான் கட்டிய வீட்டைக் காட்டுகிறேன் என்று மந்தாரக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். வாசலில் கிரானைட், சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். அந்த வீட்டம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் மேஸ்திரியை அப்படிப் புகழ்ந்தார். சொன்ன நாளில் முடித்தாராம், கைசுத்தமாம், ஒரு குறை சொல்ல முடியாதாம். ஆண்கள் ஹாலில் பேசிக்கொண்டிருக்க நான் சமையலறையை எட்டிப் பார்த்தேன். குடிவந்து ரெண்டு வருஷம் என்றார்கள். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு எண்ணெய்த் தெறிப்பு இல்லை. கடுகு தாளித்த சுவடே தெரியவில்லை. என்ன சுத்தமான பொம்பளை என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகள் தூங்குகிறாள் என்றார்கள். திரும்பி வருகிற வழியிலேயே இவர் முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

சமையல் மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று மேஸ்திரி என்னைக் கேட்டார். வெளி ஆண்களிடம் எனக்குப் பேச வராது. அந்த வீட்டு மேடை என் இடுப்புக்குச் சரியாக இருந்த மாதிரி பட்டது. நூல் வைத்து அளந்து, நூலை இவரிடம் கொடுத்துவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த வாரத்திலேயே ஒரு நாள், காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வாசல் கதவு பூட்டிக் கிடந்தது. ஆனால் கருவாடு வறுக்கிற வாசனை வந்தது. வாசனை வந்த பக்கமாகச் சுற்றிப் போனேன்.

வீட்டுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதற்குள்ளே கட்டில், டிவி, சாமி படம், கொடி நிறையத் துணி. கேஸ் அடுப்பு, அதன் பின்னால் தகரம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எங்களுக்குக் காபி கொடுத்த அதே அம்மா கையில் கரண்டியோடு நின்றாள்.

“என்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க?”

நூலைக் காட்டினேன். அவள் நூலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து என்னை உள்ளே கூட்டிப்போனாள். அன்றைக்குச் சாத்தியிருந்த அந்தப் படுக்கையறையைத் திறந்தாள்.

மேலே ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் காரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துத் தொங்கியது. மீதி விழாமல் இருக்க சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மழை நாளில், மகள் காலேஜ் போயிருந்த நேரத்தில் விழுந்ததாம். அவள் தலை வைத்துப் படுக்கிற இடத்திலேயே விழுந்ததாம். அன்றிலிருந்து மூன்று பேரும் கொட்டகையில்தான்.

“பின்ன ஏன் அன்னைக்கு எங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பொண்ணுக்கு ஒரு எடத்துல பேசிகினு இருக்கோங்க. இந்த வூட்டப் பாத்துட்டுதான் அவங்க சம்மதிச்சதே. இடியிற வூடுன்னு தெரிஞ்சா வருவாங்களா? அந்தாளு என்னா சொன்னாருன்னா, கேக்கறவங்க கையில நல்லதா சொல்லுங்க, அடுத்த வேல கெடச்சதும் இத்த சரி பண்ணித் தரேன்னாரு. நீங்க மூணாவது ஆளுக்கா.”

மூன்றாவது ஆள். முன்னால் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். ஒருத்தர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையாட்டினேன். மேடையை அளக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் மட்டும் சொன்னேன். இவர் நம்பவில்லை. அந்த வீட்டுக்காரருக்கே போன் போட்டுக் கேட்கிறேன் என்றார். அவர் அதே புகழ்ச்சியைத்தான் சொல்வார், அந்த அம்மாவுக்குத்தான் அடி விழும் என்று தடுத்தேன். “அப்ப நான் எத நம்ப? ஊர்க்காரனையா, நீ பாத்ததையா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் கேள்வியை இவர் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். இவர் பணத்தை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். நான் ஆண்கள் இருக்கும்போது ஹாலுக்கு வருகிறவள் இல்லை. வந்து நின்றேன்.

“அந்த வீட்டுல நாங்க ஒரு ராத்திரி தங்கிட்டு அட்வான்ஸ் கொடுக்கோம்.”

மேஸ்திரி சிரித்தார். “லாட்ஜுன்னு நெனச்சிட்டியளா மதினி?”

“உங்கள அவ்வளவு நல்லா சொன்னவங்க. நீங்க கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாங்க?”

அவர் செல்போனை எடுத்தார், திரும்பப் பையில் போட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். இவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “ஒரு ராத்திரிதானய்யா, கேட்டுட்டு வாரும்” என்றார். கேட்டுச் சொல்லுவதாகப் போனவர் பிறகு வரவே இல்லை.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். மனையில் முள் மண்டிக் கிடக்கிறது. இவர் இன்னும் ஆள் விசாரிக்கிறார். நான் போகிற வீட்டிலெல்லாம் முதலில் பின்பக்கம் போய் நிற்கிறேன். மேஸ்திரி ஏமாற்றினதைவிட, அந்த அம்மா அவ்வளவு சாதாரணமாக எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்ததுதான் என்னை இன்னும் உலுக்குகிறது.

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதால்தான் எழுதுகிறேன். கம்பியும் காரையும் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கலாம், வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். அவர்களுக்குப் பிறகு அந்த மேஸ்திரியிடம் கட்டியவர் யார், எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. மந்தாரக்குப்பத்தில் இருக்கிறவர்கள் தயவுசெய்து விசாரித்து, அங்கே கட்டிலுக்கு மேலே ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.