பெயரில்லாத பெட்டிகள்

ஒரு பெயரை எழுதினால் அதற்கு வாடகை கொடுக்க வேண்டும் என்பது அந்தக் குளிர்காலம் வரை எனக்குத் தெரியாது. அதுவும் என்ன பெயர்? நான் பிறக்காத நாட்டில், நான் வந்து இறங்குவதற்கு எத்தனையோ காலம் முன்பே இன்னொரு கம்பனியோடு கலந்து காணாமல் போன ஒரு ரெயில்வேயின் பெயர். செத்தவனின் பெயரைச் சொல்லவும் காசா என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது.

நானும் நானாவும் மாடல் ரெயில் பெட்டிகள் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம். பொம்மை என்று யாராவது சொன்னால் நானாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கைக்குள் அடங்கும் சரக்குப் பெட்டிகள். ரெசினை அச்சில் ஊற்றி உடலை எடுப்பதும் பெயின்ற் அடிப்பதும் அவர். தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலத்தில் கம்பனியின் பெயரையும் சின்னத்தையும் அச்சடித்து ஒட்டுவது நான். மில்லிக்கன் பகுதியில் அவர் வேலை செய்த கார் பெயின்ற் கடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். பெட்டி விற்ற காசு வாடகைக்குப் போகும். மிச்சம் என்று ஒன்றும் இருந்ததில்லை. நாங்கள் அதை எதிர்பார்க்கவுமில்லை.

எங்களுக்கு வேண்டியது அந்த அறைதான். நானா யாழ்ப்பாணத்து முஸ்லிம், சோனகத் தெருக்காரர், என்னைவிட மூத்தவர். நான் நல்லூர்ப் பக்கம். சைக்கிளில் போனால் வியர்க்காத தூரம். ஆனால் அங்கே ஒருவரையொருவர் தெரியாது. ஆயுதம் ஏந்திய எங்கள் தமிழ் இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது உடுத்த உடுப்போடு போனவர்களில் அவரும் ஒருவர். இங்கே ரொறன்ரோவில் அவர் போவது பள்ளிவாசல், நான் போவது கோயில், கடைகளுள்ள பிளாசா வேறு, கல்யாண மண்டபம் வேறு. வெள்ளைக்காரக் கிழவர்கள் கூடும் ஒரு ரெயில் கண்காட்சியில்தான் சந்தித்தோம். அவர் என்னை இந்தியன் என்று நினைத்து ஆங்கிலத்தில் விலை கேட்டார். நானும் அவரை அப்படியே நினைத்துப் பதில் சொன்னேன். பிறகு கையிலிருந்த கோப்பி சிந்தியபோது அவர் வாயில் வந்த யாழ்ப்பாணத்துத் தூசண வார்த்தையைக் கேட்டுத்தான் ஊர் பிடிபட்டது. அந்த அறை இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார ரொறன்ரோவில் வேறு இடமில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அந்த ரெயில்வேயை விழுங்கிய கம்பனியிலிருந்து ஓர் ஆள் போனில் பேசினார். பெயர், சின்னம், பெட்டியின் நிறம்கூட அவர்களுடைய ட்ரேட் மார்க்காம். பாவிக்க லைசன்ஸ் எடுக்க வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் பங்கு தர வேண்டும், மாதிரியை அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும். மரியாதையாகத்தான் பேசினார். பெரிய தயாரிப்பாளர்கள் கட்டிவிட்டு அதைப் பெட்டியின் விலையில் ஏற்றினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு முன்பணமே ஒரு வருட வியாபாரத்தை விழுங்கிவிடும். அடுத்த கண்காட்சியில் எங்கள் பக்கத்து மேசை வெறுமையாகக் கிடந்தது. எழுத்துப் படலம் மட்டும் விற்றுவந்த மனிதரின் மேசை அது. வாங்க வந்த கிழவர்கள் விலையைப் பார்த்து, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தார்கள்.

நாங்கள் பெயர் எழுதாத பெட்டிகளை அடுக்கிவைத்தோம். வழக்கமாக வரும் ஒருவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்த ரெயில்வே என்று கேட்டார். எதுவுமில்லை என்றேன். பாவம், என் முகத்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மாடல்காரனுக்குப் பெயர்தான் உயிர். ஒரு எழுத்தின் வால் பிழையாகப் போனால்கூட அந்தப் பெட்டியை அவன் தன் தண்டவாளத்தில் ஏற்றமாட்டான்.

அப்போது ஊரில் யுத்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ரீவி அணைந்ததே இல்லை. மனைவியின் தமையன் குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. மனைவி தினமும் கொடியோடு டவுண்ரவுனுக்குப் போய்க் குரல் போகும்வரை கத்திவிட்டு வந்தாள். நானும் போனேன். கார்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு வேறு தெருவால் போயின. திரும்பி வந்ததும் நான் அறைக்குப் போய்விடுவேன். நானா ஒவ்வொரு நாளும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"தகவல் ஏதும் வந்ததோ தம்பி?"

"இல்லை நானா."

"அல்லாஹ்விட்ட துஆ கேக்கிறன்."

அவ்வளவுதான். எங்களுக்கும் நடந்தது என்று அவர் ஒரு நாளும் தொடங்கியதில்லை. 

அறையைக் காப்பாற்ற ஒரு யோசனை எனக்குத்தான் வந்தது. அந்த நேரம் அது மகா கெட்டித்தனமாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து மெயில் வண்டியைச் செய்வோம். அந்தப் பாதை நின்று எவ்வளவோ காலம், தண்டவாளத்தைக் கழற்றிப் பங்கர்க் குழிகளுக்குக் கூரையாகப் போட்டாயிற்று. இல்லாத ரெயிலின் பெயருக்கு யார் வந்து லைசன்ஸ் கேட்கப் போகிறார்கள்? எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோவில் ஒவ்வொரு வீட்டு ஹோலிலும் கண்ணாடி அலுமாரி இருக்கிறது, ஆளுக்கொன்று வைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

நானா குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். பழைய படங்களைத் தேடி எடுத்தார். காவிச் சிவப்பு நிறம் சரியாக வரும்வரை கலந்து கலந்து ஊற்றினார். யன்னல் கம்பிகள், படிகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வந்தன. எழுத்துக்கு வந்தபோது நான் தமிழை மட்டும் போடுவோமா என்று இழுத்தேன்.

"உள்ளது உள்ளபடி இருக்கோணும் தம்பி. பிழையாப் போட்டா அது மாடல் இல்லை, விளையாட்டுச் சாமான்."

அவர் சொன்னது எங்கள் தொழிலின் சட்டம். நானும் மறுக்கவில்லை. படத்தில் இருந்தபடியே மூன்று மொழியிலும் அச்சடித்தேன். சிங்களம் மேலே, பிறகு தமிழ், பிறகு ஆங்கிலம், நடுவில் அரசாங்க ரெயில்வேயின் சின்னம். தொழில் பழகிய இரண்டு பேரும் கூடிச் செய்த மடத்தனம் அது. பெட்டியை மட்டும் பார்த்தோம். அது எந்த நேரத்தில் யார் கண்ணில் படப்போகிறது என்று யோசிக்கவில்லை.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாக் கடைக்காரர் கண்ணாடிக்குள் வைத்து விற்றுத்தர ஒப்புக்கொண்டார். நான் கொண்டுபோய் அடுக்கிய கிழமையில் யுத்தம் முடிந்தது. ரீவியில் அங்கே வென்றவர்கள் வெடி கொளுத்தி ஆடினார்கள். எங்கள் வீட்டில் மனைவி சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்திருந்தாள், எழும்பவில்லை. நாட்கள் கழித்து, மச்சான் மட்டும் முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது. மட்டும் என்ற அந்தச் சொல்லை யாரும் விளக்கவில்லை, விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு கடைக்காரர் கூப்பிட்டார். பெட்டிகளைக் காட்போட்டில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

"ஒரு அன்ரி வந்து நிண்டு அழுதவ. சிங்களவங்கட எழுத்தையும் சின்னத்தையும் இந்த நேரத்தில விக்கிறியளோ எண்டு கேட்டவ. நான் என்னத்தைச் சொல்ல?"

 அந்த அன்ரி என் மனைவியாகவும் இருந்திருக்கலாம். கடைக்காரர் கெட்ட மனிதரில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அதை அழிச்சுப்போட்டு எங்கட கொடியின்ர நிறத்தை அடியுங்கோ. சிவப்பும் மஞ்சளும். இப்ப சனம் கொதிச்சுப்போய் நிக்குது, எல்லாம் விக்கும், ஒண்டும் மிஞ்சாது."

கம்பனி பெயருக்குக் காசு கேட்டது. இவர்கள் யாரும் காசு கேட்கவில்லை. அதுதான் என்னை உடைத்துப்போட்டது. காசு என்றால் எங்காவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

அறைக்குத் திரும்பி, கடைக்காரரைத் திட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். நானாவும் சேர்ந்து திட்டுவார், பிறகு தேத்தண்ணி குடிப்போம் என்று நினைத்தேன். அவர் பெயின்ற் அடிக்கும் துவக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, துணியால் துடைத்து, கொழுவியில் மாட்டினார்.

"சிவப்பு இருக்கு," என்றார். "மஞ்சள்தான் வாங்கோணும்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"நானா, உங்களுக்கென்ன விசரே?"

"அறை போயிடும் தம்பி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன்னைத் துரத்தியவர்களின் நிறத்தைத் தன் கையாலேயே அடித்துத் தருகிறேன் என்கிறார், நாங்கள் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டுமென்பதற்காக.  உங்களைக் கொண்டு அதை அடிப்பித்துவிட்டு இந்த அறையில் எந்த முகத்தோடு இருப்பேன் என்று கேட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அது ஆறிப்போனது.

மாத முடிவில் அறையைக் கொடுத்தோம். அச்சுகளை அவர் கொண்டுபோனார். விற்காத பெட்டிகளைப் பங்கிட்டோம். கடையிலிருந்து வந்தவற்றின் எழுத்துகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுத்தேன். துடைக்கத் துடைக்கச் சிங்களம் போனது, தமிழ் போனது, ஆங்கிலம் போனது. கடைசியில் காவிச் சிவப்பு மட்டும் மிஞ்சியது. அடிக்கடி சந்திப்போம் என்று சொல்லிக் கைகொடுத்தோம். நம்பர் இருவரிடமும் இருந்தது. எடுத்து என்ன கதைப்பது? எங்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு பெட்டி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் மற்றதெல்லாம் கதைத்தோம்.

பிறகு ஒரு தடவை மார்க்கம் நகரில் ஒரு மரக்கறிக் கடையில் கண்டேன். ஸ்ரௌவ்வில்லில் மகன் வாங்கிய வீட்டுக்குப் போய்விட்டாராம். மனைவியைக் கேட்டார், மச்சானைக் கேட்டார். குளிரைப் பற்றிக் கதைத்தோம். அதற்கு மேல் நிற்கக் காரணம் அகப்படவில்லை. வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார்.

"பெட்டியள் இப்பவும் கிடக்கோ?"

"ஓம் நானா. கிடக்கு."

"அதில ஆரின்ர பேரும் போட்டுடாதை," என்றார். பிறகு காசு கட்டும் வரிசையில் போய் நின்றார்.