நாற்றங்காலுக்குத் தண்ணீர்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி அவர். வெயிலில் கறுத்த முகம், நகக்கண்ணில் இன்னும் வயல் சேறு. விபத்தில் அடிபட்ட மகனுக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உறுப்புகளைத் தானம் கொடுக்க அவரும் சம்மதித்துவிட்டார். அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். மகனின் கால்மாட்டில் நின்று போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டேயிருந்தார். அது விலகவேயில்லை.

நான் ஸ்டீராய்டு மருந்தை ஊசியில் எடுத்ததும் நிமிர்ந்தார்.

"மருந்து போடுறீங்களேம்மா. அப்ப ஏதாச்சும்..."

அந்த முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது கொடுமை.

"இல்லீங்கய்யா. நுரையீரல்ல வீக்கம் இருக்கு. இதைப் போட்டா குறையும். நுரையீரலை வாங்கிக்கிறவங்களுக்கு அது நல்லா வேலை செய்யும்."

அவர் போர்வை நுனியை மறுபடி இழுத்துவிட்டார். பிறகு, "நாத்துப் பறிக்கிறதுக்கு முன்னாடி நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டுவோம். வேர் அறாம வரணும்ல. அது மாதிரியாம்மா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

தலையசைத்தார். மகனின் கையை எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, "மெதுவா போடுங்கம்மா. சின்னதுலேருந்தே ஊசின்னா பயப்படுவான்" என்றார்.

ஏற்கெனவே கையில் இருந்த குழாய் வழியாகத்தான் மருந்து போக வேண்டும், குத்தவே வேண்டியதில்லை. அவனுக்கு இனி எதுவும் வலிக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும், அன்று போட்டதுபோல அவ்வளவு மெதுவாக, உயிரோடு இருக்கிற யாருக்கும் நான் இதுவரை ஊசி போட்டதில்லை.