சகாயமேரி கையெழுத்துப் போடவில்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறிக்குத் தகடு வெட்டும் ஒரு சின்னத் தொழிற்சாலை. அங்கே தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிய நான்கு பெண்களில் வேகக்காரி சகாயமேரி. எட்டு வருஷமாக அயனம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்தவள், ஒரு நாளும் தாமதமானதில்லை. "ஏம்மா மேரி, நீ பிரஸ்ஸை ஓட்டறியா, பிரஸ்ஸு உன்னை ஓட்டுதா?" என்று மேஸ்திரி ஜம்புலிங்கமே கிண்டல் செய்வார்.

1988 ஆடி மாதத்துக் காலை ஒன்றில் அந்தச் சிரிப்பு நின்றது. பக்கத்து பிரஸ்ஸில் இருந்த சுசீலாவை, "அடியே, டீ வந்துட்ச்சு!" என்று சகாயமேரி கூப்பிட்டாள். சுசீலா திரும்பினாள். பிரஸ் இறங்கியது. அவள் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

பத்தாம் நாள் ஜம்புலிங்கம் ஒரு காகிதத்தோடு வந்தார். "விசாரணைக்கு அதிகாரி வரப்போறார் மேரி. நீ கூப்ட்ட, அவ பராக்குப் பார்த்தா. நடந்ததைத்தானே எழுதிக்கீறேன்? சாட்சிக் கையெழுத்து போடு."

அந்தக் கையெழுத்து விழுந்தால் தப்பு முழுவதும் சுசீலாவின் தலையில். வேலையும் போகும், நஷ்டஈடும் போகும். ஆனால் சகாயமேரி அதையெல்லாம் யோசிக்கவில்லை. பேனா பிடிக்க அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். காகிதம் காத்திருந்தது.

சகாயமேரி உயிரோடு இருந்தாள் என்று பெயர். பிரஸ் சத்தம் கேட்டால் மூச்சு முட்டும். சோறு பிசையும் தன் விரல்களைப் பார்த்தே குமட்டும். கூட வேலை செய்தவர்கள் இரக்கப்பட்டு அவளைப் பேக்கிங்குக்கு மாற்ற வைத்தார்கள். அவள் காதுபட சுசீலாவின் பெயரை எடுப்பதில்லை என்று சத்தியமே செய்துகொண்டார்கள். "மறந்துடு மேரி" என்பதுதான் எல்லோரும் கொடுத்த மருந்து. யாரும் பேசாத அந்த மௌனத்தில், 'என் வாய்தான் அவள் விரலைத் தின்றது' என்ற எண்ணம் விஷச் செடியாக வளர்ந்தது.

பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் தெருவில். ஆவடியில் வெல்டராக இருந்த அவள் கணவன் இக்னேஷியஸ் சீறினான். "கை ஒடிஞ்சா கட்டுப் போடறோம். மனசு ஒடிஞ்சா மட்டும் இன்னாத்துக்கு ஒளிச்சு வெக்கணும்? ஏறு சைக்கிள்ல!"

பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டாக்டர் பார்வதம் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். பிறகு, "வியாழக்கிழமை தோறும் வாங்க. அந்தக் காலையை, இப்ப கண்ணு முன்னால நடக்கிற மாதிரி சொல்லணும்" என்றார்.

"எதுக்கும்மா புண்ணைக் கீறறே?" என்றாள் சகாயமேரி.

"உள்ளே சீழ் இருக்கும்மா. தாங்கலைன்னா கையைத் தூக்குங்க, அங்கேயே நிறுத்திடலாம்."

முதல் வாரம் இரண்டு வாக்கியத்தில் வாந்தி. இரண்டாவது வாரம் டீ வரை. நடுவில் வீட்டுப்பாடம் வேறு: பிரஸ் ஓடும் கூடத்தின் வாசலில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. முதல் நாள் உயிரே தொண்டைக்கு வந்தது. ஆனால் நிற்க நிற்க, ஏறிய பயம் தானாக இறங்கியது. ஐந்து பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று.

ஆறாவது வியாழன். "சுசீலா திரும்பறாங்க. அவங்க கை எங்கே இருக்கு? கைக்கு முன்னாலே என்ன இருக்கு?"

மூடிய கண்களோடு சகாயமேரி சொன்னாள்: "ஒண்ணும் இல்ல. தடுப்பு வலை இருக்கணும். அது இருந்தா கை உள்ள போவாது. வலையைக் கழட்டி செவுத்தாண்ட சாத்திக்கீது... வேலை வேகமா ஆவலன்னு மேஸ்திரிதான் கழட்டச் சொன்னாரு."

மறந்த விஷயமல்ல அது. குற்ற உணர்ச்சியின் இருட்டில் அவள் பார்க்கத் துணியாத மூலை.

"வலை இருந்து, நீங்க கூப்பிட்டிருந்தா?"

"திரும்பியிருப்பா... டீ குடிச்சிருப்பா!" என்றவள் உடைந்து அழுதாள். நான்கு மாதமாக உறைந்திருந்த அழுகை!

கார்த்திகையில் அதிகாரி வந்தார். ஜம்புலிங்கம் காகிதத்தை நீட்டினார். சகாயமேரி அதைத் தொடவில்லை.

"போட மாட்டேன். நான் கூப்ட்டது நெசம். வலை இல்லாததும் நெசம். ரெண்டையும் எழுது."

"சார், இது மென்டல் ஆஸ்பத்திரிக்குப் போவுது சார்! இது பேச்சை நம்பாதீங்க!"

 சகாயமேரி ஜம்புலிங்கத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"ஆமா, போறேன். வாராவாரம் போறேன். இன்னும் போவேன். பைத்தியம் புடிச்சு இல்ல, பைத்தியம் புடிக்காம இருக்க. உனக்குத்தான் அங்க ஒரு சீட்டு எழுதணும், ராவுல நீ எப்படித் தூங்கறேன்னு கேக்க!"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பேனாவை மூடிய அதிகாரி, "அந்த மெஷினைப் பார்க்கணும். ஓட்டிக் காட்டறீங்களாம்மா?" என்றார்.

அவள் பிரஸ்ஸைத் தொட்டு நான்கு மாதமாகிறது. மூச்சை நிதானமாக இழுத்துவிட்டாள்.

"வலையை மாட்டினா ஓட்டறேன் சார்."

மூலையில் கிடந்த வலையை ஜம்புலிங்கமே தூக்கி வந்தார். அத்தனை பேர் பார்க்க, வேர்த்து வழிய ஸ்க்ரூ முடுக்கினார். சகாயமேரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பயம் போய்விடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. இருக்கட்டும்!

குனிந்து பார்த்து அவள் சொன்னாள்: "கீழ்ப்பக்கம் இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி கீது, மேஸ்திரி."