செராஃபீனோ காவல் காத்த தூண்கள்

ஆடு மேய்க்கும் செராஃபீனோவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்த குணம். என் சத்திரத்தில் மது கேட்டால், முதலில் என்னை ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வான். பாதிரியார் பாவமன்னிப்புக் கொடுத்தால், பாதி வழி போனவன் திரும்பி வந்து, முழுசாகக் கொடுத்தாரா என்று கேட்பான்.

ரோமாபுரிக்குத் தெற்கே, எங்கள் வெட்டவெளியில் இடிந்து கிடக்கும் பழைய கோவிலில்தான் அவன் குடும்பமும் ஆட்டுப்பட்டியும். நிலம் நகரத்து மாளிகையில் வாழும் பிரபு ஒருவருடையது. வாடகை கிடையாது, அதற்குப் பதில் தூண்களைக் காவல் காக்க வேண்டும். பளிங்கைக் கண்டால் சுண்ணாம்புக்காரர்கள் விடமாட்டார்கள், பெயர்த்துச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கிவிடுவார்கள். ஒரு தூண் குறைந்தாலும் செராஃபீனோ இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஒரு வசந்தத்தில் பிரெஞ்சு ஓவியன் ஒருவன் முக்காலியோடு வந்து கோவிலுக்கு எதிரே உட்கார்ந்தான். பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரையுமே நாங்கள் 'மொன்சு' என்றுதான் கூப்பிடுவோம்.

"கல்லையே மொறச்சு மொறச்சுப் பாக்கறான். சூளைக்காரனுங்க அனுப்பின ஆளுதான் இவன்," என்றான் செராஃபீனோ.

"உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு அது தேவலைன்னு நெனச்சிருப்பான்," என்றாள் அவன் மனைவி அஸ்ஸுந்தா. "இந்தப் பாலாடைக்கட்டியக் குடுத்துட்டு வாய்யா."

கொடுக்கப் போனவன் படத்தை எட்டிப் பார்த்துப் பதறிவிட்டான்.

"மொன்சு, இங்க மூணு தூண்தான் இருக்கு. அஞ்சு போட்டிருக்கீங்களே!"

"மூணு மொட்டையா இருக்குப்பா. அஞ்சு இருந்தாத்தான் கண்ணுக்கு நெறவு."

"ரெண்டை அழிச்சிடுங்க மொன்சு. உங்க கால்ல விழறேன்."

ஓவியன் சிரித்தான். பாலாடைக்கட்டி பிரமாதம் என்றான். சத்திரத்தில் வந்து செராஃபீனோ புலம்பியபோது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படத்தில் இருக்கும் தூணுக்கு யாராவது கணக்குக் கேட்பார்களா?

கேட்டார்கள். படத்தை வாங்கியவர் பிரபுவேதான். தன் நிலத்தை அவர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை, படத்தைத்தான் பார்த்தார். அறுவடைக்கு முன் அவருடைய காரியஸ்தர் குதிரையில் வந்து இறங்கினார்.

"மத்த ரெண்டு எங்கடா?"

"எப்பவும் மூணுதான் ஐயா. அடிக்கல்லு இருந்த தடம்கூடக் கெடையாது, தோண்டிப் பாருங்க."

"தடமே தெரியாம எடுத்திருக்கே. கெட்டிக்காரன்தான். அவ்ளோ பெரிய ஓவியரு பொய்யா வரைவாரு? படத்துல அஞ்சாவது தூண்ல நீயே சாஞ்சுக்கிட்டு நிக்கறியேடா, செவப்புக் குல்லாவோட!"

"எங்கிட்டச் செவப்புக் குல்லாவே இல்லீங்க."

"அதையும் வித்துட்டியா?"

நானும் சாட்சி சொன்னேன். சாராயம் விற்கிறவன் பேச்சு எடுபடவில்லை. இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டுக் காரியஸ்தர் குதிரை ஏறினார்.

தட்டுமுட்டுச் சாமான்களை என் வண்டியில் ஏற்றினோம். அந்தப் படத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று செராஃபீனோ பிடிவாதம் பிடித்தான். பிரபுவின் மாளிகைச் சமையற்காரன் எனக்குத் தெரிந்தவன்; பின்வாசல் வழியாக எங்களை உள்ளே விட்டான். படத்தில் மாலை வெயில், ஆடுகள், மஞ்சள் புல், அதன் நடுவே ஐந்து தூண்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. செராஃபீனோ கண்ணை எடுக்காமல் பார்த்தான். திட்டுவான், காறித் துப்புவான் என்று நான் பயந்துகொண்டே நின்றேன். அவனோ விரலை நீட்டித் தூண்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வெளியே நடந்தான்.

வெளியே வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே அஸ்ஸுந்தா உட்கார்ந்திருந்தாள். அவளருகே போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நாம குடிவந்தப்போ அஞ்சு இருந்துச்சா?"