வாசகி கிடைத்தார், சீட்டு போச்சு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், இந்த வயதில் முகநூலில் எழுத ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். அதற்கான பலன் இன்று காலை பெங்களூர் ரயிலில் கிடைத்தது.

மாரிகுப்பத்தில் ஏறும் மேரி அக்கா, பிறகு உரிகத்தில் ஏறும் எனக்காகத் துப்பட்டா விரித்து சீட்டுப் பிடிப்பார். யாராவது கேட்டால், "புள்ளத்தாச்சி வருதுங்க" என்பார்.

அந்தப் பொய்யைத்தான் நேற்று எழுதியிருந்தேன்.

இன்று நான் ஏறியதும் பெட்டியே என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தது. என் ஜன்னலோர இடத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா.

மேரி அக்கா பாய்ந்தார்: "இன்னாடி, எழுதிக் கிழிச்சிட்டியா? நான் சொன்னா இனிமே எவ நம்புவா? அத அழிச்சிடு. இல்லன்னா உனக்கு சீட்டே புடிக்க மாட்டேன்."

அதற்குள் அந்த அம்மா, "நீங்கதானா அது? எங்க ஊட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேங்க, இப்ப இந்தப் பெட்டிக்கும் படிச்சுக் காட்டினேங்க. இன்னும் எழுதுங்க" என்றார்.

சொந்தக்காரர் அல்லாத என் முதல் வாசகி! எழுந்து இடம் மட்டும் கொடுக்கவில்லை.

"அழிக்க மாட்டேன், அக்கா. நின்னுக்கினே போறேன்" என்றேன். மகராசி போல நின்றேன்.

பங்காருபேட்டை தாண்டும்வரை முறைத்த அக்கா, கடைசியில் மனம் இறங்கினார். "சரி, நாளைக்கு வேற பொய் சொல்றேன். அதையும் எழுதித் தொலைக்காத."

நாளைக்கு எனக்கு என்ன நோய் வைக்கலாம்? இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமெண்டில் போட்டால் என் வாசகி படித்துவிடுவார்.