அரளி வாங்கியவர்

பிள்ளைகளா, நம் வீட்டு முன்புறத்துக்கு வேலிச்செடி வாங்க ராமநாதபுரம் நர்சரிக்குப் போனபோது அங்கே ஒருவரைப் பார்த்தேன். சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எந்தச் செடியைக் காட்டினாலும் அதன் இலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"வாசல்ல எல்லைக்கு வைக்கணும். வருசம் பூரா பச்சையா நிக்கணும், ஆடு மேயக்கூடாது," என்றார்.

"அப்ப அரளிதான் பாய். உப்புக் காத்தையும் தாங்கும்," என்றார் கடைக்காரர்.

"அரளி விசமுல்ல? பய தவழ்ந்து வந்து வாயில வச்சுருவான்."

"பிள்ளைக்கு எத்தனை மாசம் பாய்?"

அவர் இலையிலிருந்து விரலை எடுத்தார். "எல்.கே.ஜி. படிக்கிறான்," என்றார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடத்துக்கும் தவழ்ந்துதான் போறானா?"

"நான் சவூதிக்குப் போறப்ப தவழ்ந்தான்." பிறகு சொன்னார்: "சரி, அரளியவே எடுத்து வைங்க."

அவர் குரலில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. செடிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வாசலில் இப்போது அரளி ஆளுயரம் வளர்ந்திருக்கும். அதைப் பார்க்க அவர் ஊரில் இருக்கிறாரா, திரும்பப் போய்விட்டாரா, எனக்குத் தெரியவில்லை.