ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்

மதியம் இரண்டு பத்துக்கு உதவியாளர் காலையில் அச்சிட்ட தாளைத் திரும்ப எடுத்து வந்தார்.

"ரெண்டு ஏரியும் ரெட்டைப் புள்ளைங்களாட்டம் நிக்குதுங்க மேடம். வடக்கும் பதினொன்றரை அடி, தெற்கும் பதினொன்றரை."

தருமபுரியில் எங்கள் பாசன அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த இரண்டாவது மழைக்காலம் அது. ஏரிகளுக்குப் போகும் வழிகள் மூழ்கியிருந்தன. மழையளவைக் கொடுத்தால் நீர்மட்டத்தைச் சொல்லும் நிரலை ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதியவள் நான். வடக்கு ஏரிக்கரைக்குக் கீழேதான் பத்தாவது படிக்கும் என் மகளின் விடுதி. நண்பகலில் அந்தத் தாளில் வடக்கு ஏரியின் வரியை மட்டும் பார்த்துவிட்டு, பயமில்லை என்று மகளிடம் போனில் சொல்லியிருந்தேன்.

உதவியாளர் நிரலில் ஒரு வரி சேர்த்து, இரண்டும் சமமா என்று கேட்டார். சமம் என்றது.

"அப்ப சரிதானுங்களே?"

சரியில்லை. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் தனித்தனி இடங்களில் ஒரே எண் இருந்தாலும் அது சமம் என்றே சொல்லும். இரண்டும் ஒரே இடமா என்று அறிய ஒரு வழிதான் தெரிந்தது. தெற்கு ஏரியின் பெயரில் தொண்ணூற்றொன்பது என்று எழுதி, வடக்கு ஏரியை அச்சிடச் சொன்னேன்.

தொண்ணூற்றொன்பது வந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. முந்தைய ஆண்டு, நினைவகம் போதாமல் இரண்டு பெயர்களையும் ஒரே இடத்தில் வைத்தது நானேதான். அன்று ஒரு தடவைக்கு ஓர் ஏரிதான் கணக்கிட்டோம், பாதகமில்லை. இந்த ஆண்டு இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். வடக்கின் எண்மேல் தெற்கின் எண் உட்கார்ந்துவிட்டது.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்த அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். வடக்கு ஏரி பதினேழு அடி. கரையின் உயரம் பதினாறு.

விடுதியில் யாரும் போனை எடுக்கவில்லை. அங்கே அனுப்பிய ஜீப் பாதி வழியிலேயே திரும்பி வந்தது. உதவியாளர் டீ வாங்கி வந்து வைத்தார். ஆடை படிந்து ஆறிப்போனது.

ஐந்தரைக்கு ஒரு டிராக்டர் வாசலில் நின்றது. விடுதிப் பிள்ளைகள் சாக்கைப் போர்த்தியபடி இறங்கினார்கள். என் மகள் கடைசியாக இறங்கினாள். பிடித்து அணைத்தேன், அவள் கைகள் தொங்கியபடியே இருந்தன.

"சமையக்கார அக்கா மத்தியானமே ஊருக்குக் கெளம்புனாங்கம்மா. ஒண்ணும் ஆவாது, அம்மா கம்ப்யூட்டர்ல பாத்துட்டாங்கன்னு நாந்தான் நிறுத்தி வெச்சேன். அவங்க வூட்டுக்காரரு அங்க தண்ணியில அவங்களத் தேடிட்டு இருக்காரு."